அறிந்தும் செய்வது ஏன்? தன்னையே தோற்கடிக்கும் பழக்கங்களும் தத்துவப் பயிற்சியும்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களை எழுதாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிற ஒருவருக்கு, அதனால் வரும் இழப்பு தெரியாமல் இல்லை. உதவித்தொகை நின்றுவிடும் என்பதும், நெறியாளரின் பொறுமைக்கு எல்லை உண்டு என்பதும், தம்மோடு சேர்ந்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதும் மற்ற எவரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும். சர்க்கரை நோய் இருப்பதை அறிந்தே இனிப்பை எடுத்து உண்பவரும், ஒவ்வொரு புதிய உறவிலும் அதே பழைய சந்தேகத்தைக் கொண்டுவந்து அதை முறித்துக்கொள்பவரும், சம்பளம் வந்த வாரத்திலேயே கடன் கேட்கும் நிலைக்குத் தம்மைக் கொண்டுபோய் விடுபவரும் இப்படித்தான். இவர்களுக்கு நம்மிடம் வழக்கமாக இரண்டு பதில்கள் இருக்கின்றன. தெரிந்ததையே இன்னொரு முறை எடுத்துச் சொல்வோம். அல்லது மனவுறுதி போதாது என்று கடிந்துகொள்வோம். முதல் பதிலால் பயன் ஏதுமில்லை. இரண்டாவது பதில் பல நேரங்களில் தீங்கையே செய்கிறது. ஏனெனில் கடிந்துகொள்ளப்பட்டவர் அந்த வேதனையிலிருந்து தப்பிக்க மறுபடியும் அதே பழக்கத்தில்தான் போய் ஒதுங்குகிறார்.

இத்தகைய பழக்கம் ஒவ்வொன்றுக்குள்ளும் வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு கணக்கு இருக்கிறது என்பதும், அந்தக் கணக்கை வெளியே எடுத்துச் சோதிக்கும் முறையைத் தத்துவம் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாக வளர்த்து வந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் அந்த முறையைப் படித்துத் தெரிந்துகொள்வது மட்டும் எவரையும் மாற்றாது. இதையும் முதலில் சொன்னவர்கள் தத்துவ ஆசிரியர்களே.

மனிதர் தமக்குத் தாமே கெடுதல் செய்துகொள்ள விரும்புகிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விரும்புகிறார் என்று கருத இடமுண்டு. வலி தந்த அனுபவத்தையே மனிதர் திரும்பத் திரும்ப நாடிச் செல்வதைக் கண்ட உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட், 1920இல், உயிருக்குள்ளேயே அழிவை நோக்கிய ஓர் உந்துதல் இருக்கிறது என்று எழுதினார். பிளேட்டோவின் உரையாடல்களில் வரும் சாக்ரடீஸ் இதற்கு நேர் எதிரான இடத்தில் நிற்கிறார்: தீமை என்று அறிந்து அதை விரும்பித் தேர்பவர் எவருமில்லை, தவறு செய்பவர் அளவிடுவதில் தவறுகிறார் என்பது அவருடைய வாதம். அருகில் உள்ள பொருள் பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் கண்ணுக்குத் தெரிவதுபோல, உடனே கிடைக்கும் இன்பம் அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே வாழ்க்கையைக் காப்பாற்றக்கூடியது அளவிடும் கலைதான் என்று அவர் சொல்கிறார்.

இந்தப் பழைய வழக்குக்கு நம் காலத்தில் ஓரளவு சான்று கிடைத்திருக்கிறது. ராய் பாமைஸ்டர், ஸ்டீவன் ஷெர் என்ற இரு உளவியலாளர்கள் 1988இல், மனநோய் ஏதுமற்ற சாதாரண மக்கள் தமக்கே கேடு விளைவித்துக்கொள்ளும் நடத்தைகளைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். கேட்டையே குறியாகக் கொண்டு ஒருவர் செயல்படுகிறார் என்பதற்கு அவர்களுக்குத் தெளிவான சான்று எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கண்டவை இரண்டு வகை. ஏதோ ஒரு நன்மைக்கு விலையாகக் கேட்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்வது ஒன்று. நல்ல இலக்கை நோக்கியே போனாலும் அதற்குப் பொருந்தாத வழியைத் தேர்ந்துவிடுவது மற்றொன்று. சாக்ரடீஸ் முழுவதும் சரி என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் தன்னைத் தோற்கடிக்கும் பழக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. இந்தப் பழக்கம் எனக்கு எதைத் தருகிறது என்பதே அவர் கேட்க வேண்டிய கேள்வி.

திருக்குறளின் மடியின்மை அதிகாரம் இதே இடத்தைத் தொடுகிறது. 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்' என்ற குறளுக்கு, காலம் நீட்டித்தலும் மறதியும் சோம்பலும் உறக்கமும் கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று பரிமேலழகர் உரை கண்டார். அவர்களை எவரும் அதில் பிடித்து ஏற்றுவதில்லை. கெடுக்கும் பழக்கம், ஏறுகிற நேரத்தில், இதமாகவே இருக்கிறது.

அந்த இதம் எதனால் ஆனது என்பதைக் காட்டும் சோதனை ஒன்றை ஸ்டீவன் பெர்கிளாஸ், எட்வர்டு ஜோன்ஸ் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் அறிவுத்திறன் தேர்வு வைக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குத் தீர்க்கக்கூடிய வினாக்களும், மற்றொரு பகுதியினருக்குப் பெரும்பாலும் தீர்வே இல்லாத வினாக்களும் தரப்பட்டன. ஆனால் எல்லோரிடமும் 'மிக நன்றாகச் செய்தீர்கள்' என்றே சொல்லப்பட்டது. தீர்வில்லாத வினாக்களோடு போராடியவர்கள், தாம் எப்படி வென்றோம் என்று தமக்கே தெரியாத வெற்றியோடு நின்றார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகள் முன்வைக்கப்பட்டன: ஒன்று திறனைக் கூட்டும் என்றும், மற்றொன்று குறைக்கும் என்றும் சொல்லப்பட்டது. தம் வெற்றிக்குக் காரணம் தெரியாத ஆண்களில் பெரும்பாலோர் திறனைக் குறைக்கும் மருந்தையே தேர்ந்தார்கள். பெண்களிடம் இந்தப் போக்கு அவ்வாறு வெளிப்படவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உள்ளிருந்து பார்த்தால் இதில் ஒரு நேர்த்தியான கணக்கு இருக்கிறது. மருந்தை உண்டபின் தேர்வில் தோற்றால் பழி மருந்துக்குப் போகும். 'நான் உண்மையில் திறமையானவன்தானா' என்ற கேள்வி திறக்கப்படாமலே இருக்கும். தோல்வியைவிட அந்தக் கேள்விக்கே அவர்கள் அதிகம் அஞ்சினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் படம் பார்க்கப் போகிற மாணவனும், நேர்முகத் தேர்வுக்கு எந்த ஆயத்தமும் இல்லாமல் போகிற பட்டதாரியும் மருந்தே இல்லாமல் இதைத்தான் செய்கிறார்கள். 'படித்திருந்தால் வாங்கியிருப்பேன்' என்று பிறகு சொல்லிக்கொள்ள முடிவதுதான் அவர்கள் வாங்கிக்கொள்ளும் பொருள். அதற்குக் கொடுக்கும் விலையை அந்த நேரத்தில் அவர்கள் பார்ப்பதில்லை.

தள்ளிப்போடுதலைப் பற்றிய பிற்கால ஆய்வுகளும் இதே திசையில் செல்கின்றன. ஃபியூஷியா சிராய், திமோதி பிச்சில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரை, தள்ளிப்போடுதலை நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத குறையாக எடுத்துக்கொள்ளாமல், வேலையை நினைத்தவுடன் எழும் சலிப்பு, அச்சம், தன்மீதான ஐயம் ஆகியவற்றை அப்போதைக்குத் தணித்துக்கொள்ளும் வழியாக விளக்கியது. வேலையை நாளைக்கு என்று வைத்த அந்தக் கணமே நெஞ்சு இலேசாகிறது. அந்த நிம்மதி உண்மையானது. அதனால்தான் பழக்கம் வலுப்படுகிறது. கால அட்டவணை போட்டுத் தருகிற அறிவுரைகள் பலருக்குப் பலிக்காமல் போவதற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். அட்டவணை நேரத்தைப் பகுத்துத் தருகிறது. ஆனால் அச்சத்தைப் பற்றி அதனிடம் ஒரு சொல்கூட இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டால் பழக்கம் விட்டுப்போய்விடுமா? சாக்ரடீஸின் வாதத்தை நேராகத் தொடர்ந்தால், உண்மையான அறிவு வந்தபின் தவறான செயல் நிகழக்கூடாது. அரிஸ்டாட்டிலுக்கு இது கண்கூடான உலகத்தோடு ஒத்துப்போகவில்லை. தம் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில் அவர் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு, அறிவை உடைமையாக வைத்திருப்பதற்கும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பதற்கும் வேறுபாடு காண்கிறார். உறங்குபவருக்கும் பித்துப் பிடித்தவருக்கும் மதுவில் மயங்கியவருக்கும் அறிவு ஒரு பொருளில் இருக்கிறது, ஒரு பொருளில் இல்லை. ஆசையின் பிடியில் இருப்பவர் ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருக்கிறார். அவர் சரியான சொற்களைச் சொல்வது எதற்கும் சான்றாகாது. குடித்தவர்கள்கூடப் பழைய தத்துவக் கவிஞர் எம்பெடோக்ளிஸின் செய்யுள்களை ஒப்பிப்பார்கள் என்கிறார் அரிஸ்டாட்டில். புதிதாகப் பாடம் கற்கும் மாணவர்களும் சொற்களைச் சரியாகக் கோத்துச் சொல்வார்கள், ஆனால் அது இன்னும் அவர்களுக்கு அறிவாக ஆகவில்லை; அது அவர்களுடைய இயல்போடு கலந்து வளர வேண்டும், அதற்குக் காலம் தேவை.

தன்னறிவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடப் பயனுள்ள பகுதி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 'எனக்கு என் பிரச்சினை நன்றாகத் தெரியும், ஆனால் மாற முடியவில்லை' என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்குத் தெரிந்திருப்பது ஓய்வான நேரத்தில் நினைவுக்கு வரும் பொது உண்மை. செயலைத் தீர்மானிக்கும் கணத்தில், கைப்பேசியை எடுக்கக் கை நீளும் அந்த நேரத்தில், 'இதோ அந்தப் பழக்கம், இதோ அது தரும் பொய்யான நிம்மதி' என்று அந்தப் பொது உண்மை கண்முன் நிற்கும் ஒற்றைச் செயலோடு வந்து பொருந்துவதில்லை. ஆகவே இன்னும் அதிகம் தெரிந்துகொள்வதால் அவருக்குப் பெரிய பயன் கிடைக்காது. தெரிந்தது உரிய கணத்தில் விழித்திருக்கும்படி பழக வேண்டியிருக்கிறது.

அரிஸ்டாட்டில் இங்கே இருவகை மனிதர்களையும் பிரித்துக் காட்டுகிறார். சிலர் எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தபின் உணர்ச்சியின் அழுத்தத்தால் அதில் நிற்க முடியாமல் போகிறார்கள். வேறு சிலர் எண்ணிப் பார்க்கவே இல்லாததால் உணர்ச்சியால் இழுத்துச் செல்லப்படுகிறார்கள். இருவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. எண்ணாமல் பாய்பவருக்குத் தூண்டுதலுக்கும் செயலுக்கும் நடுவே சிறிது இடைவெளி வேண்டும். எண்ணியும் தளர்பவருக்கு, மேலும் எண்ணுவதைவிட, தளரும் நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நடைமுறை வேண்டும்.

அந்த இடைவெளியைப் பயிற்சியாக ஆக்கியவர்கள், பண்டைய கிரேக்கத்திலும் ரோமிலும் வளர்ந்த ஸ்டோயிக் தத்துவத்தார். அவர்களில் எபிக்டெட்டஸ் அடிமையாக வளர்ந்து, விடுதலை பெற்று, ரோமிலிருந்து தத்துவ ஆசிரியர்கள் வெளியேற்றப்பட்டபோது கிரேக்கத்தின் மேற்குக் கரையிலிருந்த நிகோபோலிஸுக்குச் சென்று பள்ளி நடத்தியவர். அவர் எதையும் எழுதவில்லை. அவருடைய பேச்சுகள் அரியன் என்ற மாணவரின் குறிப்புகளாகவே நமக்குக் கிடைக்கின்றன. மனிதரைக் கலங்கடிப்பவை நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி மனிதர் கொள்ளும் முடிவுகளே என்ற அவருடைய கூற்று பலருக்கும் தெரிந்தது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, பழக்கத்தோடு போராடுவது எப்படி என்று அவர் மாணவர்களுக்குச் சொன்ன பாடம். மனத்தில் ஒரு தோற்றம் எழுந்தவுடன் அதன் வேகத்தில் அடித்துச் செல்லப்படாமல், 'சற்றுப் பொறு. நீ யார், எதைப் பற்றி வந்திருக்கிறாய் என்று பார்க்கிறேன்' என்று அதனிடம் சொல்லச் சொல்கிறார். ஒவ்வொரு முறை கோபப்படும்போதும் அன்றைக்கு ஒரு தீங்கு நேர்ந்தது என்று மட்டும் எண்ணாதே, அந்தப் பழக்கத்துக்கு இரையும் போட்டிருக்கிறாய் என்று எச்சரிக்கிறார். பிறகு நாள்களை எண்ணச் சொல்கிறார்: முன்பு தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு நாளுக்கு ஒருமுறை, முப்பது நாள் கோபமின்றிக் கழிந்தால் இறைவனுக்குப் பலியிட்டு நன்றி சொல். இதில் வீர முழக்கம் எதுவுமில்லை. பழக்கத்தால் வந்தது பழக்கத்தாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, போகும் என்ற நிதானம் மட்டும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் உளமருத்துவம் இங்கிருந்து நேரடியாகவே கடன் வாங்கியது. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களின் நடுவில் தம் சிகிச்சை முறையை உருவாக்கியபோது எபிக்டெட்டஸை வெளிப்படையாகவே மேற்கோள் காட்டினார். மனநல மருத்துவர் ஆரோன் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979இல் வெளியிட்ட, மனச்சோர்வுக்கான சிகிச்சை நூல், அந்தச் சிகிச்சையின் தத்துவ மூலம் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதாகக் குறிப்பிடுகிறது. எல்லிஸின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பெண்களிடம் பேச அஞ்சிய இளைஞராக இருந்தபோது, நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்த நூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு மாதத்துக்குள் வலியப் போய்ப் பேசியதாக அவரே சொல்லியிருக்கிறார். காதல் எதுவும் கைகூடவில்லை. ஆனால் 'மறுக்கப்பட்டால் தாங்க முடியாது' என்று உள்ளே இருந்த முடிவு, தாங்க முடிந்த அத்தனை மறுப்புகளால் பொய்யாகிப்போனது. தவறான முடிவு ஒன்றை வாதத்தால் மட்டும் அசைப்பது அரிது. அது பொய்யாகக்கூடிய இடத்துக்கு அதை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

தன்னறிவுக்கு ஒரு கடினமான எல்லையும் உண்டு. உள்ளே திரும்பிப் பார்த்தால் காரணங்கள் தெளிவாகத் தெரியும் என்ற நம்பிக்கைக்கு 1977இல் உளவியலாளர்கள் ரிச்சர்டு நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் பலமான அடி கொடுத்தார்கள். அவர்கள் விவரித்த சோதனைகளில் ஒன்றில், வரிசையாக வைக்கப்பட்ட நான்கு சோடிக் காலுறைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கப்பட்டவர்கள், வலக்கோடியில் இருந்ததையே மிக அதிகமாகத் தேர்ந்தார்கள். நான்கும் ஒன்றே. ஏன் தேர்ந்தீர்கள் என்று கேட்டால் நெசவையும் தரத்தையும் காரணமாகச் சொன்னார்கள். வைத்திருந்த இடத்தை எவரும் சொல்லவில்லை. இதைவிடக் கவலை தருவது வேறொன்று. 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டிருப்பது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்ஸிமாவின் ஆய்வுகள் காட்டின. தன்னை ஆராய்வதாக நினைத்துக்கொண்டு தன்னை வதைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

ஆகவே, ஆராய வேண்டியது ஆழ்மனத்தின் இரகசியங்களை என்பதைவிட, நடந்த செயலை என்று கொள்வது பாதுகாப்பானது. முதலில் சொன்ன ஆய்வு மாணவரையே எடுத்துக்கொள்வோம். 'நான் ஏன் சோம்பேறி' என்று அவர் கேட்டுக்கொண்டால் விடையாகக் கிடைப்பது ஒரு வசை மட்டுமே. எந்த நேரத்தில் எழுத உட்கார்ந்தார், எழுந்திருக்கும் முன் திரையில் என்ன இருந்தது, அப்போது தமக்குத் தாம் சொல்லிக்கொண்ட வாக்கியம் எது, எழுந்தபின் எவ்வளவு நேரம் இதமாக இருந்தது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், அவருக்கு வேறொன்று புலப்படக்கூடும். வாசிப்பதிலும் தரவுகளை அடுக்குவதிலும் அவர் தளருவதில்லை. 'இதிலிருந்து பெறப்படுவது' என்று தம் சொந்த முடிவை எழுத வேண்டிய பத்தியில் மட்டும் எழுந்துபோகிறார். உள்ளே இருந்த வாக்கியம் 'நெறியாளர் இதைப் படித்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடும்' என்பதாக இருக்கலாம். இப்போது சோதிக்க ஒரு பொருள் கையில் கிடைத்திருக்கிறது. அது உண்மையா? நெறியாளர் இதற்கு முன் திருத்தித் தந்த இயல்கள் அதற்குச் சான்று தருகின்றனவா? உண்மையாகவே இருந்தாலும், தெரியாததைக் கற்பதற்குத்தானே அவர் அங்கே சேர்ந்தார்? அடுத்த படி, அந்தப் பத்தியை மட்டும் குறையோடு எழுதி, குறையோடே நெறியாளருக்கு அனுப்புவது. பிராங்க்ஸ் பூங்காவில் எல்லிஸ் செய்ததும் இதே வகைச் சோதனைதான்.

இதோடு பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து காட்டிய எளிய உத்தி ஒன்றையும் சேர்க்கலாம். 'இந்த மாதம் எழுதி முடிப்பேன்' என்ற பொதுவான உறுதியைவிட, 'இது நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் செயலையும் முன்கூட்டியே கட்டிவைத்த உறுதி அதிகம் நிறைவேறுகிறது. எண்ணியும் தளர்பவருக்குத் தேவை என்று மேலே சொன்ன நடைமுறை இத்தகையதே. 'முடிவுரைப் பத்தியில் எழுந்துபோகத் தோன்றினால், மூன்று மோசமான வாக்கியங்களை எழுதிவிட்டுத்தான் எழுவேன்' என்று தீர்மானித்தவருக்கு அந்தக் கணத்தில் புதிதாக முடிவெடுக்க வேண்டிய சுமை இல்லை.

இந்த முறையை எல்லாத் துன்பத்துக்கும் நீட்டிவிடக்கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1987இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் பின்னிணைப்பில், தன்னைத் தோற்கடிக்கும் ஆளுமை என்ற பெயரில் ஒரு கோளாறு, மேலும் ஆராயப்பட வேண்டியதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கணவரின் வன்முறையில் சிக்கிய பெண்களுக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டு, துன்புறுபவர்மீதே பழி திரும்பும் என்று பெண்ணியச் சிந்தனையாளர்களும் மருத்துவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. வெளியேற வழியில்லாதவர் அங்கேயே இருப்பதைப் பழக்கம் என்று சொல்வது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது. கடன் வாங்காமல் மாதத்தைக் கடக்க முடியாத கூலி வாங்குபவரிடம் தன்னறிவைப் பற்றிப் பேசுவதும் அப்படித்தான். மதுவுக்கு உடல் அடிமையாகிவிட்ட நிலையிலும், எழுந்திருக்கவே முடியாத மனச்சோர்விலும், முதலில் மருத்துவம் வேண்டும். சிந்தனைக்குரிய பயிற்சி அதன்பின்தான். நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்த எல்லைகளுக்கு உட்பட்ட அன்றாடப் பழக்கங்களுக்கு, பண்டைய ஆசிரியர்களிடமிருந்து நமக்குக் கிடைக்கும் மிக எளிய கருவி இரவுக் கணக்கெடுப்பு. கோபத்தைப் பற்றிய தம் நூலில் ரோமானிய ஸ்டோயிக் ஆசிரியர் செனெகா, செக்ஸ்டியஸ் என்ற முன்னோர் ஒவ்வொரு நாளின் முடிவிலும் 'இன்று உன்னுடைய எந்தக் குறையைக் குணப்படுத்தினாய், எந்தத் தீய குணத்தை எதிர்த்து நின்றாய்' என்று தம் நெஞ்சைக் கேட்டதைச் சொல்லிவிட்டு, தாமும் அதைச் செய்வதாக எழுதுகிறார். விளக்கு அகற்றப்பட்டு, தம் வழக்கத்தை அறிந்த மனைவி பேச்சை நிறுத்தியபின், நாள் முழுவதையும் திரும்பப் பார்க்கிறார். தம்மிடமிருந்து எதையும் மறைப்பதில்லை. தம் தவறுகளைக் கண்டு அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது, 'இனி இதைச் செய்யாதே, இம்முறை உன்னை மன்னிக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள முடியுமே என்கிறார்.

அந்த மன்னிப்பு இளகிய மனத்தின் சலுகை என்று தோன்றலாம். ஆனால் பழக்கம் தளர்வதில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. கனடாவில் மைக்கேல் வோலும் பிச்சிலும் ஷானன் பென்னெட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகத் தள்ளிப்போட்டது தெரியவந்தது. தள்ளிப்போடுதல் வேதனையிலிருந்து தப்பும் வழி என்றால், இது எதிர்பார்க்கக்கூடியதே. தம்மை வசைபாடிக்கொள்பவர் அந்த வேலையோடு மேலும் ஒரு வேதனையைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார். தப்புவதற்கான காரணம் இன்னும் வலுத்துவிடுகிறது.

செனெகா எதையும் மறைப்பதில்லை என்று சொன்ன பிறகே மன்னிப்புக்கு வருகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் அங்கே எடுத்துக்காட்டும் குற்றங்கள் சிறியவை: ஒரு விவாதத்தில் அளவுக்கு மீறிச் சண்டைக்காரராகப் பேசியது, ஒருவரைக் கண்டித்தபோது தேவைக்கு மேல் வெளிப்படையாகப் பேசி, அவரைத் திருத்துவதற்குப் பதிலாகப் புண்படுத்திவிட்டது. 'நான் கோபக்காரன்' என்று தம்மைப் பற்றி அவர் தீர்ப்பு எழுதிக்கொள்வதில்லை. யாரிடம், எந்தப் பேச்சில், எவ்வளவு மிகையாக நடந்துகொண்டோம் என்று மட்டும் குறித்துக்கொள்கிறார்; அப்படிக் குறித்ததை அடுத்த விவாதத்தில் வேறுவிதமாகச் செய்து பார்க்க முடியும்.